ஜூன் 4 அன்று என்ன செய்தீர்கள்? வேலை வறட்சியில் டிரேடர் ஆன ஒரு குமரி இளைஞர்: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு வயது 25. ஊர் தக்கலைக்குப் பக்கம். 2022-ல் இன்ஜினியரிங் முடித்தவர். 2024 இறுதியில் மும்முரமாக வேலை தேட ஆரம்பித்து, அடுத்த வருட நடுவில் சென்னையில் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் ப்ரோ டெஸ்கில், அதாவது நிறுவனத்தின் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் பிரிவில், சேர்ந்தார். தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வரக்கூடாது என்று சொல்லித்தான் காகிதங்களைக் காட்டினார். நான் நாகர்கோவிலில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் பல வருடம் டீலராக இருந்தவன் என்பதால் காண்ட்ராக்ட் நோட்டை, அதாவது ஒரு நாளில் வாங்கியது விற்றதற்குப் புரோக்கர் தரும் கணக்குச் சீட்டை, படிப்பதில் சிரமம் இல்லை. படித்ததும் ஒன்று உறுதியானது. இவரை வேலைக்கு எடுத்தவர்கள் இவர் சம்பாதித்ததைப் பார்த்து எடுக்கவில்லை, தொலைத்ததைப் பற்றி இவர் எழுதியதைப் பார்த்து எடுத்தார்கள்.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். ஆனால் படித்தவர்களுக்கு ஊருக்குள் வேலை கிடையாது. டிஎன்பிஎஸ்சி கோச்சிங், திருவனந்தபுரம் டெக்னோபார்க், வளைகுடா, நர்சிங் படித்திருந்தால் ஐரோப்பா என்று வழிகள் முன்பே போடப்பட்டிருக்கின்றன. இவருக்கும் கடைசி வருடத்திலேயே ஒரு ஐடி நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் வந்தது. சேரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மெயிலுக்குப் பதில் வருவதும் நின்றது. அந்த வருடங்களில் இப்படி நின்றுபோனவர்கள் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எத்தனையோ பேர். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இன்னும் நம்பிக் காத்திருந்தவர்களும் வேறு வேலை தேடப் போய்விட்டார்கள்.

இவர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். அந்தப் பணமும் அம்மா சீட்டுப் பிடித்த பணமும் சேர்ந்து சுமார் ₹3.5 லட்சம். அதை வைத்து வங்கிப் பங்குகளின் இண்டெக்ஸான (குறியீடு) பேங்க் நிஃப்டியின் வாராந்திர ஆப்ஷன்களை விற்கத் தொடங்கினார். ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை; அதற்கு விற்பவர் வாங்கும் தொகை பிரீமியம், உரிமை முடியும் நாள் எக்ஸ்பைரி. இண்டெக்ஸ் பெரிதாக நகராத வாரங்களில், விற்ற ஆப்ஷன் எக்ஸ்பைரி அன்று பூஜ்யமாகிவிடும், பிரீமியம் கைக்கு வந்துவிடும். 2023-ன் பிற்பாதியும் 2024-ன் முதல் சில மாதங்களும் அவருக்கு அப்படித்தான் போயின. 2023-24 நிதியாண்டில் முதலீட்டின் மீது 60 சதவீத லாபம். அதைப் பார்த்துத்தான் இதையே வேலையாகச் செய்யலாம் என்ற எண்ணம் வந்தது.

தேட ஆரம்பித்த நேரம்

நேரம் மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப்&ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல். பலரும் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலை தேடுபவர் பார்க்க வேண்டியது அடுத்த பக்கத்தை. 2023-24-ல் ப்ரோ டிரேடர்களின் மொத்த லாபம், செலவுகளைக் கழிக்கும் முன், ₹33,000 கோடி. அதில் 96 சதவீதம் அல்கோ மூலம், அதாவது தானாக ஆர்டர் போடும் கணினி நிரல் மூலம், வந்தது. ஆக, பணம் போய்ச் சேரும் இடம் ப்ரோ டெஸ்க். அங்கே பட்டனை அழுத்துவது பெரும்பாலும் மனிதன் இல்லை.

அக்டோபர் 1 அன்று செபி புதிய விதிகளை அறிவித்தது. ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஓர் இண்டெக்ஸில் மட்டும் வாராந்திர எக்ஸ்பைரி, காண்ட்ராக்டின் குறைந்தபட்ச மதிப்பு ₹15 லட்சம், எக்ஸ்பைரி நாளில் விற்பவருக்குக் கூடுதலாக 2 சதவீத மார்ஜின் (ஈட்டுத் தொகை). பேங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் நவம்பரோடு முடிந்தது. தேசியப் பங்குச் சந்தையின் முக்கிய இண்டெக்ஸான நிஃப்டியின் லாட், அதாவது ஒரு காண்ட்ராக்டின் அளவு, 25-லிருந்து 75 ஆனது. அதே அக்டோபர் 1-ல் ஆப்ஷன் மீதான எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை) வரியும் 0.0625-லிருந்து 0.1 சதவீதமாக ஏறியது. சில்லறை டிரேடர்களின் எண்ணிக்கையை நம்பி ஓடிய புரோக்கர்கள் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். இவருக்கோ கை தேர்ந்த ஒரே வித்தை பேங்க் நிஃப்டி வாராந்திரம். அதுவும் போயிற்று.

முதல் சுற்று

முதலில் அனுப்பிய ரெஸ்யூமை நான் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 60 சதவீத லாபம், கீழே பச்சை நிற ஸ்கிரீன்ஷாட்டுகள். மாதவாரி அட்டவணையில் 2024 ஜூன் மட்டும் இல்லை. மேயிலிருந்து நேராக ஜூலைக்குத் தாவுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர் எவருக்கும் அந்த இடைவெளியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். பதில் எங்கிருந்தும் வரவில்லை.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் தட்டினார். நாகர்கோவிலில் ஒரு கிளையில் டீலர் வேலை இருந்தது. டீலர் என்றால் வாடிக்கையாளர் போனில் சொல்லும் ஆர்டரைப் போடுபவர். கூடவே மாதம் இத்தனை கணக்கு திறக்க வேண்டும் என்ற டார்கெட்டும் உண்டு. டிரேடர் வேலை என்று நினைத்துப் போனவர், சொந்தக்காரர்களுக்கு டீமேட் கணக்கு திறக்கும் வேலை என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டார். அல்கோ நிறுவனங்களின் ஆன்லைன் தேர்வு அடுத்தது. சில இடங்களில் 8 நிமிடத்தில் 80 மனக்கணக்கு, அப்புறம் நிகழ்தகவு, அப்புறம் கோடிங். இவர் மனக்கணக்கோடு வெளியே வந்தார். ஐஐடி வளாகங்களில் ஆள் எடுக்கும் அந்த இடங்களுக்கு இரண்டு வாரத் தயாரிப்பில் போனால் நடப்பது அதுதான்.

இணையத்தில் ‘ஃபண்டட் அக்கவுண்ட்’ விளம்பரங்களும் வந்தன. கட்டணம் கட்டி டெமோ கணக்கில் தேர்வு எழுது, ஜெயித்தால் பல லட்சம் டாலர் தருகிறோம் என்பார்கள். பெரும்பாலும் வெளிநாட்டு ஃபாரெக்ஸ் தளங்கள். அனுமதி பெறாத ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே 34 பெயர்களோடு வெளியிட்டது, பிறகும் அது நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

கிட்டத்தட்ட மாட்டியது வேறோர் இடத்தில். ஒரு நிறுவனம் போனிலேயே ‘செலக்டட்’ என்றது. இரண்டு லட்சம் டெபாசிட் கட்டினால் பத்து மடங்கு லிமிட், லாபத்தில் 70 சதவீதம் உங்களுக்கு, நஷ்டம் வந்தால் டெபாசிட்டில் கழியும். பதவியின் பெயர் ‘ப்ரோப்ரைட்டரி டிரேடர்’. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “மக்களே, சம்பளம் தாறவன் நம்மட்ட எதுக்கு ரூவா கேக்கான்?”

அந்தக் கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. ப்ரோ கணக்கு என்பது புரோக்கரின் சொந்தப் பணத்துக்கானது. வெளியாளின் பணத்தை வாங்கி அதில் ஓட்டினால் அந்தப் பணத்துக்கு முதலீட்டாளருக்கான எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நாளை அவர்கள் பூட்டிவிட்டுப் போனால், இவர் ஊழியரும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. புரோக்கரா என்று பார்க்க செபி தளத்தில் பதிவு எண்ணைத் தேடினால் போதும், ஐஎன்இசட் என்று ஆரம்பிக்கும் எண் இருக்கும். இவரிடம் பேசியவர்கள் கடைசிவரை அந்த எண்ணைக் கொடுக்கவே இல்லை. எனக்குத் தெரிந்து மார்த்தாண்டம் பக்கம் இதே மாதிரி டெபாசிட் கட்டி இழந்தவர்கள் இருக்கிறார்கள். வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை.

ஜூன் 4

இனி அந்த விடுபட்ட மாதம். 2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை நம்பி நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது. பேங்க் நிஃப்டி 50,980 பக்கம் முடிந்தது. தேர்தல் முடிவுக்கு முன்பு பிரீமியம் கொழுத்துக் கிடந்தது. இவர் 49,000 புட், அதாவது இண்டெக்ஸ் 49,000-க்குக் கீழே போனால் விற்றவருக்கு நஷ்டம் தரும் ஆப்ஷன், ஐந்து லாட் விற்றார். எக்ஸ்பைரி புதன்கிழமை. ஒரே நாளில் 4 சதவீதம் இறங்கினால்தான் ஆபத்து, அது நடக்காது என்பது கணக்கு.

மறுநாள் ஜூன் 4, தேர்தல் முடிவு நாள், அதுதான் நடந்தது. நிஃப்டி 5.93 சதவீதம் விழுந்து 21,884.50-ல் முடிந்தது. பேங்க் நிஃப்டி கிட்டத்தட்ட 8 சதவீதம் சரிந்து 46,929-க்கு வந்தது. அதாவது 49,000-க்கு 2,071 புள்ளி கீழே. அப்போது லாட் 15, எனவே ஒரு லாட்டுக்கே ₹31,000 சுற்று. ஐந்து லாட்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வாங்கிய பிரீமியத்தைக் கழித்தாலும் ஒரு வருட லாபத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் போயிற்று.

டெபாசிட் நிறுவனத்திடமிருந்து தப்பிய பிறகு அவர் என்னிடம் வந்தார். நான் கேட்டது ஜூன் மாதத்தின் காண்ட்ராக்ட் நோட்டை. முதலில் தயங்கினார், இரண்டு நாள் கழித்துத்தான் அனுப்பினார். அதிலிருந்து அவர் எழுதிய ஒரு பக்கம்தான் இந்த ஆய்வின் மையம்.

இடது பக்கம் நேரம், நடுவில் செய்தது, வலது பக்கம் ஏன் செய்தேன் என்பது. 9.15-க்கு சந்தை இறங்கித் திறக்கிறது, எதுவும் செய்யவில்லை, காரணம் ‘திரும்பி வரும் என்று நினைத்தேன்’. பத்து மணி சுமாருக்கு இன்னும் ஒரு லாட் விற்க முயற்சி, மார்ஜின் போதாமல் ஆர்டர் நிராகரிக்கப்படுகிறது. அந்த வரிக்கு எதிரே எழுதியிருந்தது: ‘மார்ஜின் இருந்திருந்தால் விற்றிருப்பேன். என்னைக் காப்பாற்றியது என் விதி இல்லை, புரோக்கரின் சிஸ்டம்.’ பதினொன்றரைக்கு மேல் ஒவ்வொரு லாட்டாக வாங்கி மூடுகிறார். ஒரே தடவையில் மூடாததற்குக் காரணம் ‘கை வரவில்லை’.

பக்கத்தின் கீழ்ப்பாதியில் கணக்கு. 49,000 புட்டை விற்ற அதே நேரத்தில் 48,500 புட்டை வாங்கியிருந்தால்? எவ்வளவு விழுந்தாலும் நஷ்டம் 500 புள்ளியோடு நிற்கும், லாட்டுக்கு ₹7,500-க்கு மேல் போகாது. அதிலும் பிரீமியம் கழியும். ₹31,000 எங்கே, ₹7,500 எங்கே! அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. வாங்கும் புட்டுக்குக் கொடுக்கும் பிரீமியம் ஒவ்வொரு வாரமும் லாபத்தில் குறையும். பைத்தான் நிரலில் தன் பழைய டிரேடுகள் எல்லாவற்றையும் இப்படி ஒன்றை விற்று ஒன்றை வாங்கும் ஸ்ப்ரெட்டாக மாற்றி ஓட்டிப் பார்த்தார். 60 சதவீதம் என்ற பெருமை பாதியாகச் சுருங்கியது. ஆனால் ஜூனைச் சேர்த்து எடுத்தால் ஸ்ப்ரெட்தான் முன்னால் நின்றது.

புதிய ரெஸ்யூமில் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் செய்துவிடலாம். அதற்குப் பதில் ஐடிஆர்-3 வருமான வரிப் படிவத்தின் நகல்; எஃப்&ஓ வருமானம் தொழில் வருமானமாகப் பெரும்பாலும் அதில்தான் காட்டப்படும். காண்ட்ராக்ட் நோட்டுகள், தினசரி லாப நஷ்டக் கோப்பு, மேலே அந்த ஜூன் 4 பக்கம். கூடவே செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் சீரிஸ் 8 தேர்வின் சான்றிதழ். அது பங்கு டெரிவேட்டிவ் (எஃப்&ஓ) தேர்வு, டெரிவேட்டிவ் டெர்மினலில் உட்காருபவருக்குக் கட்டாயம். 100 கேள்வி, 2 மணி நேரம், 60 எடுக்க வேண்டும், தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் போகும், மூன்று வருடம் செல்லும். பெரிய தகுதி ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேர் சமமாக நின்றால், உடனே டெர்மினல் ஐடி போட்டுக் கொடுக்கக்கூடியவரைத்தான் எடுப்பார்கள்.

இன்டர்வியூ

சென்னை நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வீடியோவில் இரண்டு பேர், ஒருவர் டெஸ்க் தலைவர், இன்னொருவர் ரிஸ்க் பார்ப்பவர். முதல் கேள்வியே “ஜூன் 4 அன்று என்ன செய்தீங்க?” பக்கம் அவர்கள் கையில் இருந்தது, ஆனாலும் வாயால் சொல்லச் சொன்னார்கள். அரை மணி நேரம் அதிலேயே போனது. அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓர் எண்ணுக்கு வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்ல வேண்டும், கடைசியில் உண்மையான எண்ணோடு கணக்குப் பார்ப்பார்கள்.

“கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை. உயரம், அடியில். எனக்கு ரெண்டு பக்கமும் விலை சொல்லுங்க.”

“பீடத்தோடா, பீடம் இல்லாமலா சார்?”

“பீடத்தோடு.”

“132-க்கு வாங்குறேன், 134-க்கு விற்கிறேன்.”

தலைவர் 134-க்கு ஒரு லாட் வாங்கினார். மறுபடியும் 134-க்கு. மறுபடியும். வாங்குபவர் விடாமல் வந்தால் விலையை ஏற்றுவதுதான் வழக்கம். இவர் ஏற்றவில்லை. 133 அதிகாரத்துக்கு 133 அடி என்று குமரியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர்கள் குறித்துக்கொண்டது அந்த உறுதியை அல்ல, முதலில் கேட்ட கேள்வியை. பீடம் 38 அடி, சிலை 95 அடி. பீடம் இல்லாமல் என்று அவர்கள் நினைத்திருந்து இவர் 132-க்கு வாங்கியிருந்தால் லாட்டுக்கு 37 போயிருக்கும். காண்ட்ராக்ட் என்ன என்று தெரியாமல் விலை சொல்லாதவர் என்று பெயர் வாங்கினார்.

“சரி. சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் போட்டாங்களே, அதோட நீளம், மீட்டர்ல?”

2024 டிசம்பர் 30-ல் திறந்த பாலம். இவர் அதில் நடந்ததில்லை. முதலில் “ஒரு பக்கம் மூணு லாட்டுக்கு மேல எடுக்க மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு, 60/100 என்றார். தலைவர் 60-க்கு விற்றார். இவர் விலையை 50/85-க்கு இறக்கினார். 50-க்கும் விற்றார். 45/70. இப்போது தலைவர் 70-க்கு வாங்கினார். 55/75. 75-க்கும் வாங்கினார். கையில் மிச்சம் ஒன்றும் இல்லை, வாங்கியது 60, 50, விற்றது 70, 75. லாபம் 35 மீட்டர்.

“நீளம் 77. தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“முதல்லயே 76/78 சொல்லியிருப்பேன். நீங்க 60-க்கு வித்திருக்க முடியாது சார்.”

தெரிந்த இடத்தில் இறுக்கமாகவும் தெரியாத இடத்தில் அகலமாகவும் விலை சொல்லி, எதிராளி எந்தப் பக்கம் வருகிறார் என்று பார்த்து நகர்ந்து, கை கனக்காமல் வெளியே வருவது. மார்க்கெட் மேக்கிங் என்பது இவ்வளவுதான். இதை யூடியூப் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கே எல்லாம் கேண்டில் (விலை வரைபடம்) வரைவதுதான்.

கிடைத்த வேலை

வேலை கிடைத்தது, ஆனால் டிரேடர் நாற்காலி இல்லை. முதல் ஆறு மாதம் ஆர்எம்எஸ் (ரிஸ்க் மேலாண்மை), மற்றவர்கள் எடுக்கும் பொசிஷனைக் கண்காணித்து, நாள் நஷ்ட வரம்பைத் தாண்டினால் டெர்மினலை வெட்டும் வேலை. ஜூன் 4-ல் தன்னைக் காப்பாற்றிய அதே சிஸ்டத்தின் மறுபக்கம். அதன்பிறகு சிறிய லிமிட்டோடு சொந்த ஐடி. நிலையான சம்பளம், எழுத்தில். லாபப் பங்கு செலவு கழித்த பிறகு. டெபாசிட் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து சொந்தக் கணக்கில் எஃப்&ஓ போடக்கூடாது. சம்பளம் டெக்னோபார்க்கில் இருக்கும் அவருடைய வகுப்புத் தோழர்களுடையதை விடக் குறைவு, வாடகை போனால் இன்னும் குறைவு. 2025 செப்டம்பரில் நிஃப்டி எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியபோது டெஸ்கின் பாதி உத்திகளைத் திருத்த வேண்டியிருந்தது, அந்த வேலையில்தான் இவருக்கு டிரேடிங் பக்கம் முதல் இடம் கிடைத்தது.

எனக்கு உடன்பாடில்லாத ஒரு முடிவு

இதே தேடலின் நடுவில் இன்னொரு வேலையும் வந்தது. இவர் அதை ஏற்கவில்லை. தாய்மாமா குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். அவர் மூலம் கொச்சியில் ஒரு ரப்பர் வணிக நிறுவனம், குமரிப் பகுதிக்குக் கொள்முதல் டிரேடர் தேடியது. மாமா ஓர் ஆர்எஸ்எஸ் ஷீட்டை (புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட், தரம் எண்ணால் சொல்லப்படும்) கையில் கொடுத்து, “லே மக்கா, கம்ப்யூட்டர்ல விக்கது இருக்கட்டும். இத வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச் சொல்லு, நாலா அஞ்சா?” என்றாராம். இவர் சரியாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்து பார்த்தது.

நானாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். கோட்டயம் விலை தினமும் ரப்பர் வாரியத் தளத்தில் வருகிறது, பாங்காக் விலையும் பக்கத்திலேயே வருகிறது, ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் ஃபியூச்சர்ஸ் நடக்கிறது. ஆனால் பேச்சிப்பாறை பக்கம் இந்த வாரம் மழையில் எத்தனை நாள் பால்வெட்டு நடக்கவில்லை, எந்தக் கடைக்காரர் விலை ஏறும் என்று ஷீட்டை அடுக்கி வைத்திருக்கிறார் என்பது எந்தத் திரையிலும் வராது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்வால் வெட்டு நிற்கும். சரக்கு வரத்து ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பது உள்ளூர்க்காரருக்கு முன்கூட்டியே தெரியும். 2024 ஆகஸ்டில் ஆர்எஸ்எஸ் 4 கிலோ ₹240-ஐத் தாண்டியபோது, சரக்கு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அல்கோவோடு போட்டி போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நிஃப்டியில் அவருக்குப் போட்டி அந்த 96 சதவீத மிஷின்கள்.

அவருடைய பதில் வேறு. ரப்பரில் கடனுக்குச் சரக்கு கொடுக்க வேண்டும், வசூலுக்கு அலைய வேண்டும், பணம் மூழ்கினால் காண்ட்ராக்ட் நோட்டு இருக்காது. எக்ஸ்சேஞ்சில் மறுநாள் கணக்கு தீர்ந்துவிடும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, மாமாவுக்கே பழைய பாக்கிகள் நிறைய. கொச்சிக்காரர்கள் கடைசியில் அந்த இடத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பி.காம். பட்டதாரியை எடுத்தார்கள். அவருக்கு ஆப்ஷன் தெரியாது, ஷீட் தெரியும், பைக் ஓட்டுவார்.